ஹர் கோவிந்த் குரானா

ஹர் கோவிந்த் குரானா (ஜனவரி 9, 1922 – நவம்பர் 9, 2011) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். இவரது பெயர் தமிழில் கொரானா என்றும் எழுதப்படுவதுண்டு. மரபுக் குறியீட்டையும் புரத உருவாக்கத்தில் அதன் பங்கையும் விளக்கியமைக்காக 1968 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கும், ராபர்ட் ஹோலி, மார்ஷல் நிரன்பர்க் ஆகிய இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு மரபணுவை முழுவதுமாகச் செயற்கை முறையில் முதன்முதலில் உருவாக்கியதும் இவரது ஆய்வுக்குழுவே ஆகும்.

நோய் கண்டறிதலிலும் தடய அறிவியலிலும் இன்றியமையாததாகிவிட்ட பாலிமரேசு தொடர்வினையின் அடிப்படை எண்ணமும் இவரது ஆய்வகத்திலிருந்து 1971 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் காணப்படுகிறது. டி.என்.ஏ. இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, குளிரவைத்துப் பொருத்தி, நொதியால் நீட்டுவது அம்முறை. அது ஆய்வகங்களில் நடைமுறைக்கு வர மேலும் பதினைந்து ஆண்டுகளாயின.

இளமையும் கல்வியும்

குரானா அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில், முல்தான் மாவட்டத்தைச் சேர்ந்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது. பிறந்த நாள் உறுதியாகத் தெரியாத நிலையில், ஆவணங்களில் பதியப்பட்ட ஜனவரி 9, 1922 என்ற நாளே வழங்கிவருகிறது. ஐந்து பிள்ளைகளில் இவரே இளையவர். தந்தை கண்பத் ராய் அரசின் பட்வாரியாகப் பணியாற்றினார். நிலவரிக் கணக்குகளைப் பேணும் இப்பணி, தமிழகத்தில் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவர்கள் பார்த்த பணியை ஒத்தது. ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் இவர்களுடையது மட்டுமே. வறுமையிலும் பிள்ளைகளின் கல்வியைத் தந்தை விட்டுவிடவில்லை. குரானாவின் தொடக்கக் கல்வி மரத்தடிப் பள்ளியில் நடந்தது.

முல்தானில் டி.ஏ.வி. உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின்னர், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1943 இல் இளம் அறிவியல் பட்டமும் 1945 இல் முதுஅறிவியல் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசின் உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்று, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1948 இல் கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

வேலை தேடிய ஆண்டுகள்

முனைவர் பட்டத்துக்குப் பின் சுவிட்சர்லாந்து சென்று, சூரிக் நகரில் விளாடிமிர் பிரெலாக் என்னும் வேதியியலாளரிடம் ஆய்வு செய்தார். அங்கே பழைய ஜெர்மானிய ஆய்விதழ்களைப் படிக்கையில் கார்போடைஇமைடு என்னும் வேதிப்பொருள் வகை இவரது கவனத்தை ஈர்த்தது. நீரை வெளியேற்றி இரண்டு மூலக்கூறுகளை இணைக்கவல்ல இப்பொருளே பிற்காலத்தில் நியூக்கிளியோட்டைடுகளைக் கோப்பதற்கு இவருக்குக் கைகொடுத்தது.

1949 இல் குரானா இந்தியா திரும்பினார். நாட்டுப் பிரிவினையால் பிறந்த ஊர் வேறு நாட்டின் பகுதியாகிவிட்டிருந்தது. தகுதிக்கேற்ற வேலையும் கிடைக்கவில்லை. எனவே மீண்டும் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1952 வரை கென்னர், அலெக்சாண்டர் டாட் ஆகியோருடன் பணியாற்றினார். நியூக்கிளிக் அமிலங்களின்பால் இவரது ஆர்வம் திரும்பியது இக்காலத்தில்தான்.

1952 இல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆய்வுக் குழுமத்தில் பணியேற்றார். அங்கு வசதிகள் குறைவு, ஆயினும் விரும்பிய ஆய்வைச் செய்யும் முழு உரிமை இருந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எஸ்தர் எலிசபெத் சிப்ளரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர். 1959 இல் ஜான் மொஃபாட் என்பவருடன் இணைந்து துணைநொதி 'ஏ'யைச் செயற்கையாகத் தயாரித்தது இவருக்கு உலகப் புகழைத் தந்தது. 1960 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நொதி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1966 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

மரபுக் குறியீடு

டி.என்.ஏ.வில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ. வழியாகப் புரதமாக மாற்றப்படுகிறது. ஆர்.என்.ஏ.வில் உள்ள நான்கு வகைக் காரங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கின்றன. இவ்வாறு 64 மும்மைகள் அமையலாம். எந்த மும்மை எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதே 1960களின் பெருங்கேள்வியாக இருந்தது.

குரானா வரிசை முன்கூட்டியே தெரிந்த இழைகளை உருவாக்கி இக்கேள்வியை அணுகினார். எடுத்துக்காட்டாக, யுராசிலும் சைட்டோசினும் மாறிமாறி வரும் ஆர்.என்.ஏ. இழையில் இரண்டே மும்மைகள் அமைய முடியும். ஒன்று யுராசில்-சைட்டோசின்-யுராசில், மற்றது சைட்டோசின்-யுராசில்-சைட்டோசின். இவ்விழையிலிருந்து செரீனும் லியூசினும் மாறிமாறி வரும் புரதச் சங்கிலி கிடைத்தது. இதுபோன்ற சோதனைகளாலும் நிரன்பர்க் குழுவினரின் சோதனைகளாலும் குறியீட்டு அட்டவணை முழுமை பெற்றது. 61 மும்மைகள் அமினோ அமிலங்களையும், எஞ்சிய 3 மும்மைகள் நிறுத்தக் குறிகளையும் சுட்டுகின்றன.

இவ்வாய்வில் பின்னர் பயன்பட்ட ஒரு நுட்பமும் இருந்தது. வேதியியல் முறையில் குறுகிய டி.என்.ஏ. துண்டுகளை மட்டுமே தயாரிக்க முடிந்தது. அவற்றை வார்ப்பாகக் கொண்டு, ஈ. கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேசு நொதியால் நீண்ட இழைகளைப் பெற்றனர். வேதியியலாளர் தொடங்கிய பணியை நொதி தொடர்ந்து முடித்தது எனலாம்.

செயற்கை மரபணு

குரானா ஒரு மரபணுவை முழுவதுமாக உருவாக்கும் பணியிலும் முனைந்தார். ஈஸ்ட்டில் உள்ள, அலனின் அமினோ அமிலத்தைச் சுமக்கும் இடமாற்று ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணு இதற்குத் தெரிவு செய்யப்பட்டது. இது 77 கார இணைகள் கொண்டது. 1970 இல் இப்பணி நிறைவேறியது. அதே ஆண்டில் குரானா மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாறினார். 1976 இல் இவரது குழு உருவாக்கிய மற்றொரு மரபணு, பாக்டீரியாவினுள் உண்மையாகவே செயற்பட்டது.

இழைகளை இணைக்கும் முறை எளிமையான ஒரு பண்பைச் சார்ந்தது. டி.என்.ஏ.வில் அடினின் தைமினுடனும், குவானின் சைட்டோசினுடனும் இணை சேரும். வெப்பம் கூடினால் இணைகள் பிரியும். குளிர்ந்தால் பொருத்தமான இழைகள் தாமாகவே மீண்டும் சேரும். எதிரெதிர் இழைகளின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு அமைக்கப்பட்டு, சூடாக்கப்பட்டுக் குளிரவைக்கப்பட்டன. பின்னர் லைகேசு நொதி அவற்றின் முனைகளை ஒட்டியது.

இவ்வாறு பல ஆண்டு உழைப்பில் கிடைத்த மரபணுவின் அளவு மிகச் சிறியது. கையிலுள்ள சிறிதளவைப் பெருக்கிக்கொள்ள வழி உண்டா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

1971 ஆம் ஆண்டுக் கட்டுரை

இக்கேள்வியை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், குரானாவுடன் பணியாற்றிய நார்வே நாட்டு உயிர்வேதியியலாளர் ஷெல் கிளெப்பே ஆவார். கிளெப்பே, ஒட்சுகா, குரானா உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை 1971 இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. குறுகிய செயற்கை டி.என்.ஏ. துண்டுகளின் விடுபட்ட பகுதியை நொதி எவ்வாறு நிரப்புகிறது என்பதே அதன் பொருள்.

கட்டுரையின் இறுதியில் ஒரு திட்டம் விவரிக்கப்பட்டது. இரட்டை இழையைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் ஒன்றாக இரண்டு முன்தொடர்கள் (தொடக்கத் துண்டுகள்) மிகுதியாக இருக்கும் நிலையில் குளிரவைக்க வேண்டும். பின்னர் நொதியைச் சேர்த்தால், ஒரு மரபணுவிலிருந்து இரண்டு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக நொதியைச் சேர்த்து இச்சுழற்சியைத் திரும்பத் திரும்ப நடத்தலாம். குளிரும்போது மூல இழைகள் முன்தொடர்களை விடுத்துத் தமக்குள்ளேயே மீண்டும் சேர்ந்துவிடக்கூடும் என்ற இடரையும் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினர்.

இத்திட்டம் அப்போது பரவாமற்போனதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

* முன்தொடர்களைத் தயாரிப்பது மிகக் கடினமான, செலவு மிக்க வேலையாக இருந்தது.
* முன்தொடரை வடிவமைக்க மரபணுவின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். வரிசையை எளிதில் அறியும் முறைகள் 1977 இல்தான் வந்தன.
* 1973 இல் மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்திப் பெருக்கும் முறை வந்தபின், வேறு வழியைத் தேடும் தேவை குறைந்தது.
* இழைகளைப் பிரிக்கும் வெப்பம் நொதியையும் அழித்தது.

இவற்றுள் கடைசிக் காரணம் முறையின் உள்ளேயே அமைந்த முரண்பாடாகும். இழை பிரிவதற்குக் கொதிநிலையை அண்டிய வெப்பம் வேண்டும். மனித உடலில் வாழும் பாக்டீரியாவின் நொதியோ 37 பாகை செல்சியஸ் அளவில் வேலை செய்வது.

பாலிமரேசு தொடர்வினை

1983 இல் அமெரிக்காவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் இவ்வெண்ணத்தைத் தாமாக உருவாக்கி வளர்த்தெடுத்தார். 1985 இல் வெளியான முதல் கட்டுரை, அரிவாள் உயிரணுச் சோகை நோயைக் கண்டறிவதற்கு இதனைப் பயன்படுத்தியது. அப்போதும் ஈ. கோலை நொதியே பயன்பட்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் குழாயைத் திறந்து புதிய நொதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. மேலும் 37 பாகையில் முன்தொடர்கள் முழுதும் பொருந்தாத இடங்களிலும் ஒட்டிக்கொண்டன. அதனால் வேண்டாத துண்டுகளும் பெருகின.

தீர்வு வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் ஆகியோர் கண்டறிந்து 1969 இல் விவரித்த தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்னும் பாக்டீரியா, 70 பாகை வெப்பத்திலும் வளரும். அதன் பாலிமரேசு 1976 இல் பிரித்தெடுக்கப்பட்டது. டாக் பாலிமரேசு எனப்படும் இந்நொதியைப் பயன்படுத்திய முறை 1988 இல் வெளியானது. தொடக்கத்தில் ஒருமுறை நொதியைச் சேர்த்தால் போதும் என்றானது. அதைவிட முக்கியமாக, பொருந்தும் வெப்பநிலையை உயர்த்தி, சரியான இடத்தில் மட்டும் முன்தொடர் ஒட்டுமாறு செய்ய முடிந்தது.

வெப்பநிலைகளைத் தேர்ந்தெடுத்தல்

தொடர்வினையின் ஒரு சுழற்சி மூன்று படிகளைக் கொண்டது. ஒவ்வொன்றின் வெப்பநிலையும் வெவ்வேறு காரணங்களால் தீர்மானிக்கப்படுகிறது.

பிரித்தல்: பொதுவாக 94 அல்லது 95 பாகை. அடினின்-தைமின் இணையில் இரண்டு ஐதரசன் பிணைப்புகளும், குவானின்-சைட்டோசின் இணையில் மூன்றும் உள்ளன. எனவே பின்னது மிகுந்த இழைகள் பிரிவது கடினம், அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் வெப்பம் தேவைப்படலாம். ஆனால் தேவைக்கு மேல் சூடாக்குவது நொதிக்குத் தீங்கு. டாக் பாலிமரேசு 95 பாகையில் ஏறத்தாழ 40 நிமிடங்களில் தன் செயல்திறனில் பாதியை இழக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் 30 நொடி சூடாக்கினால், 30 சுழற்சிகளில் மொத்தம் 15 நிமிடங்கள் ஆகும். இதனை ஒரு நிமிடமாக உயர்த்தினால் 30 நிமிடங்களாகிவிடும்.

பொருந்துதல்: பெரும்பாலும் 50 முதல் 65 பாகை வரை. மாணவர்கள் மிகுதியும் தடுமாறுவது இப்படியில்தான். முன்தொடர்களில் பாதி இழையை விட்டுப் பிரிந்திருக்கும் வெப்பநிலை, உருகுநிலை எனப்படும். குறுகிய முன்தொடர்களுக்கு இதனைத் தோராயமாகக் கணிக்க ஓர் எளிய விதி உண்டு. ஒவ்வொரு அடினினுக்கும் தைமினுக்கும் 2 பாகையும், ஒவ்வொரு குவானினுக்கும் சைட்டோசினுக்கும் 4 பாகையும் கூட்ட வேண்டும். இருவகைக் காரங்களும் பத்துப் பத்தாக உள்ள, 20 காரம் நீளமான முன்தொடருக்கு 20 + 40 = 60 பாகை கிடைக்கும். இதைவிட ஏறத்தாழ 5 பாகை குறைத்து, 55 பாகையில் தொடங்குவது வழக்கம். உப்பின் செறிவும் மக்னீசியத்தின் அளவும் உருகுநிலையை மாற்றும். ஆகவே இவ்விதி தரும் எண் தொடக்கப் புள்ளி மட்டுமே.

வெப்பநிலை மிகக் குறைந்தால் முன்தொடர் அரைகுறையாகப் பொருந்தும் இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும். மிகக் கூடினால் எங்குமே ஒட்டாது, விளைபொருளும் கிடைக்காது. இரண்டு முன்தொடர்களின் உருகுநிலைகளும் நெருக்கமாக இருத்தல் வேண்டும். ஒன்று 60 பாகையும் மற்றது 52 பாகையும் ஆனால், தாழ்ந்ததற்கு ஏற்ற வெப்பநிலையில் உயர்ந்தது தவறான இடங்களில் ஒட்டும். அப்போது வெப்பநிலையைத் திருத்துவதைக் காட்டிலும், தாழ்ந்த முன்தொடரைச் சில காரங்கள் நீட்டி மீண்டும் வடிவமைப்பதே நல்லது. ஐயம் இருப்பின், ஒரே நேரத்தில் பல குழாய்களில் பல வெப்பநிலைகளைச் சோதிக்கும் கருவிகளும் உண்டு.

நீட்டல்: டாக் பாலிமரேசுக்குப் பொதுவாக 72 பாகை. ஆயிரம் காரங்களுக்கு ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. 55 பாகையில் ஒட்டிய முன்தொடர் 72 பாகையில் கழன்றுவிடாதா என்ற கேள்வி எழலாம். பொருந்தும் படியிலேயே நொதி மெதுவாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. சில காரங்கள் சேர்ந்தவுடன் முன்தொடர் நீண்டு, அதன் பிடிப்பும் வலுப்பெறுகிறது. அதனால் வெப்பம் உயரும்போது அது கழல்வதில்லை.

ஒவ்வொரு சுழற்சியும் முழுத்திறனுடன் நடந்தால், 30 சுழற்சிகளில் ஒரு மூலக்கூறு 107 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகும். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

காப்புரிமை வழக்கு

பாலிமரேசு தொடர்வினைக்குச் சீட்டஸ் நிறுவனம் 1987 இல் காப்புரிமை பெற்றது. டியூபாண்ட் நிறுவனம் 1989 இல் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. குரானா ஆய்வகத்தின் 1970களின் கட்டுரைகளிலேயே இம்முறை வெளியாகிவிட்டது என்பது அதன் வாதம். 1991 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் குழு சீட்டஸ் நிறுவனத்தின் காப்புரிமை செல்லும் என்று முடிவு செய்தது. 1971 ஆம் ஆண்டுக் கட்டுரை முறையைக் கூறியதேயன்றி, அவ்வாறு பெருக்கிய விளைபொருளைக் காட்டவில்லை. எண்ணத்தை எழுதியவருக்கும் அதனை நடத்திக் காட்டியவருக்கும் எவ்வளவு பங்கு என்பது அறிவியல் வரலாற்றாளரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது.

முல்லிஸ் 1993 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்மித், வான்கூவரில் குரானாவிடம் பயிற்சி பெற்றவர். முன்தொடர்களை மலிவாகத் தயாரிக்க வழிசெய்த வேதியியல் முறையை உருவாக்கிய மார்வின் கருதர்ஸ் என்பவரும் குரானாவிடம் பயின்றவரே என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்கால வாழ்க்கை

தொடர்வினை உலகெங்கும் பரவிய ஆண்டுகளில் குரானா வேறொரு துறைக்கு மாறிவிட்டிருந்தார். ஒளியை உணரும் புரதங்களான பாக்டீரியோரொடாப்சின், விழித்திரையிலுள்ள ரொடாப்சின் ஆகியவற்றை ஆராய்ந்தார். 2007 இல் பணி ஓய்வு பெற்றார். மகள் எமிலி 1979 இலும் மனைவி எஸ்தர் 2001 இலும் காலமாயினர். குரானா நவம்பர் 9, 2011 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகரில் தமது 89 ஆம் அகவையில் காலமானார்.

தமிழகத்தில் இம்முறையின் பயன்பாடு

பாலிமரேசு தொடர்வினை தமிழகத்தின் மருத்துவ, வேளாண் ஆய்வகங்களில் அன்றாடச் சோதனையாகிவிட்டது. இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தாமிரபரணிப் பகுதியிலிருந்து காட்டலாம்.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது சோதனைகளை மேற்கொண்ட ஆய்வகங்களுள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் ஒன்று. இத்தீநுண்மியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆதலால், முதலில் அது டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட வேண்டும். இதற்கென ஏறத்தாழ 50 பாகையில் ஒரு கூடுதல் படி தொடக்கத்தில் சேர்க்கப்படுகிறது. அதன்பின் குழாய் 95 பாகைக்குச் சூடாக்கப்பட்டு வழக்கமான சுழற்சிகள் தொடங்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுடன் வாழையும் பெருமளவு பயிராகிறது. வாழையைத் தாக்கும் முடிக்கொத்து நோயை உண்டாக்கும் தீநுண்மியின் மரபுப்பொருள் டி.என்.ஏ. ஆகும். எனவே அதற்கு முற்படி தேவையில்லை. திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளில் இந்நோய் உள்ளதா என்பதை, கன்று வயலுக்குச் செல்லும் முன்பே இம்முறையால் அறியலாம். நோயுற்ற கன்றைக் குணப்படுத்த மருந்தில்லாததால் இச்சோதனை உழவர்களுக்கு முதன்மையானது. இங்கும் பொருந்தும் வெப்பநிலை தவறாக அமைந்தால், நோயுள்ள கன்று நோயற்றதாகத் தோன்றக்கூடும்.

பெற்ற சிறப்புகள்

* லாஸ்கர் விருது, 1968
* லூயிசா கிராஸ் ஹார்விட்ஸ் பரிசு, 1968
* மருத்துவத்துக்கான நோபல் பரிசு, 1968
* பத்ம விபூசண், 1969
* அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம், 1987

இந்திய, அமெரிக்க மாணவர்கள் மற்ற நாட்டின் ஆய்வகங்களில் பயிற்சி பெறுவதற்காக 2007 இல் தொடங்கப்பட்ட திட்டத்துக்குக் குரானாவின் பெயர் சூட்டப்பட்டது.